கழுத்தில் தொங்கிய பலகையும் வீட்டுக்குள் பேசிய பெட்டியும்

அது ஒரு சிறிய மரப்பலகைத் துண்டு. அதில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கும். அதை ஒரு கயிற்றில் கோத்து, பாடசாலைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி விடுவார்கள். அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? களவெடுத்ததா? பொய் சொன்னதா? இல்லை. தன் தாய் வீட்டில் பேசும் மொழியில் ஒரு வார்த்தை பேசி விட்டது. அவ்வளவுதான்!

பலகை மாட்டப்பட்ட பிள்ளை, வேறொரு பிள்ளை அதே மொழியில் பேசுவதைக் கேட்டால் ஆசிரியரிடம் காட்டிக் கொடுக்க வேண்டும். உடனே பலகை அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு மாறும். பாடசாலை விடும் வேளையில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குப் பிரம்படி விழும்.

இது நடந்த நாடு வேல்ஸ். இங்கிலாந்துக்கு மேற்கே, ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியாக உள்ள மலைநாடு அது. இன்று அங்கு வாழ்வோர் சுமார் 30 இலட்சம் பேர். அவர்களது சொந்த மொழியை ஆங்கிலேயர் 'வெல்ஷ்' என்பர். அம்மக்கள் 'கம்ரைக்' என்பர். ஆங்கிலத்தோடு அதற்கு நெருங்கிய உறவு கிடையாது. ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பிருந்தே அத்தீவில் பேசப்பட்டு வந்த பழைய மொழியின் வழித்தோன்றல் அது.

அந்த மொழிக்கென்று 1982ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. அதன் கதையை வாசக சகோதரிகளுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பலகையில் ஏன் தொடங்கினோம் என்பது போகப் போகப் புரியும்.

மூன்று தலைமுறை

1858ஆம் ஆண்டு, வட வேல்ஸில் பாலா நகருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் ஓவன் மோர்கன் எட்வர்ட்ஸ் என்பவர் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். ஆங்கிலம் அறியாமல் பாடசாலைக்குப் போன அச்சிறுவனின் கழுத்திலும் அந்தப் பலகை தொங்கியது. பெரியவரான பின் அந்த வேதனையை அவர் எழுதி வைத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. பலகை மாட்டும் வழக்கம் அரசாங்கம் போட்ட சட்டமல்ல. சில பாடசாலைகளில் இருந்த வழக்கம் அது. பெற்றோரிலும் பலர் அதற்கு உடன்பட்டே இருந்தனர். 'நம்முடைய மொழி அடுப்படிக்கும் ஆட்டுப் பட்டிக்கும் போதும். பிள்ளை முன்னேற ஆங்கிலம்தான் வேண்டும்' என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஊறிப் போயிருந்தது. 1847இல் வெல்ஷ் மொழி தெரியாத மூன்று அதிகாரிகள் வந்து, அம்மக்களின் பின்னடைவுக்கு அவர்களது மொழியே காரணம் என்று அரசாங்க அறிக்கை எழுதிச் சென்றனர். அதே அறிக்கையில் வேல்ஸ் பெண்களின் ஒழுக்கத்தையும் இழித்துரைத்தனர். மொழியை அவமதித்தவர்கள் அதைப் பேசிய தாய்மாரையும் சேர்த்தே அவமதித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பலகை சுமந்த அச்சிறுவன் பிற்காலத்தில் வேல்ஸின் பிரதம பாடசாலைப் பரிசோதகரானார். சிறுவர்களுக்காக 1892இல் வெல்ஷ் மொழியில் ஒரு சஞ்சிகையும் தொடங்கினார்.

அவருடைய மகன் இவான், 1922இல் அச்சஞ்சிகையின் மூலமாகவே 'உர்த்' என்ற சிறுவர் இளைஞர் இயக்கத்தை ஆரம்பித்தார். 1935இல் வெல்ஷ் மொழியின் முதலாவது பேசும் படத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. தன் மகன் தாய்மொழியிலேயே கல்வி கற்க வேண்டும் என விரும்பிய இவான், 1939 செப்டெம்பரில், இரண்டாம் உலகப் போர் வெடித்த அதே மாதத்தில், அபரிஸ்ட்வித் நகரில் ஒரு சிறு பாடசாலையைத் திறந்தார். ஏழே ஏழு பிள்ளைகள்! வெல்ஷ் மொழியை போதனா மொழியாகக் கொண்ட முதலாவது ஆரம்பப் பாடசாலை அதுதான்.

எந்த மகனுக்காக அப்பாடசாலை தொடங்கப்பட்டதோ, அந்த ஓவன் எட்வர்ட்ஸ்தான் 1982இல் தொடங்கிய வெல்ஷ் தொலைக்காட்சியின் முதலாவது தலைமை நிர்வாகி. பாட்டன் கழுத்தில் பலகை. தகப்பன் கையில் ஏழு பிள்ளைகள். பேரன் பொறுப்பில் ஒரு தொலைக்காட்சி நிலையம்! ஆனால் இந்தப் பயணம் சுகமாக நடந்து விடவில்லை.

பெட்டி வந்தது, பேச்சு மாறியது

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸ் மக்களில் 43.5 வீதத்தினர் வெல்ஷ் பேசினர். அதாவது 9 இலட்சத்து 77 ஆயிரம் பேர். 1961இல் அது 26 வீதமாகியது. 1981இல் ஐந்தில் ஒருவர் கூட இல்லை. 19 வீதத்துக்குச் சரிந்து விட்டது.

இதற்குக் காரணங்கள் பல. சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வெளியாட்கள் வந்து குடியேறினர். கிராமத்து இளைஞர்கள் வேலைக்காக இங்கிலாந்து சென்றனர். பாடசாலைகளில் ஆங்கிலம். இவ்வளவும் நடந்த போதிலும், மாலையானால் வீட்டுக்குள் வெல்ஷ் மொழிதான் பேசப்பட்டது. அடுப்பங்கரையில் தாய் பேசினாள். நெருப்பருகே பாட்டி கதை சொன்னாள்.

1952இல் தென் வேல்ஸின் வென்வோ என்ற இடத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. மாலையில் வீட்டுக்குள் ஒரு புதிய விருந்தாளி வந்து அமர்ந்தார். அவர் பேசியது ஆங்கிலம். பாட்டியின் கதை நின்று போனது. முன்பு பாடசாலை வாசலோடு நின்று விட்ட மொழி, இப்போது வீட்டின் நடு மண்டபத்துக்கே வந்து விட்டது.

வெல்ஷ் மொழியில் நிகழ்ச்சிகளே இருக்கவில்லையா? இருந்தன. 1953 மார்ச் முதலாம் திகதி பீ.பீ.சீ. முதன்முறையாக முழுவதும் வெல்ஷ் மொழியிலான ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஆனால் வென்வோ கோபுரம் கடலுக்கு அப்பால் உள்ள மேற்கு இங்கிலாந்துக்கும் சேர்த்தே வேலை செய்தது. அங்குள்ளவர்களுக்கு வெல்ஷ் விளங்காது. ஆகவே வெல்ஷ் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆட்கள் பார்க்காத நேரங்களுக்குத் தள்ளப்பட்டன. 1962இல் ஒரு தனியார் கம்பனி வெல்ஷ் நிகழ்ச்சிகளுக்கு முக்கியத்துவம் கொடுத்து ஆரம்பிக்கப்பட்டது. போதிய வருமானம் இன்றி அது ஈராண்டுக்குள் மூடுண்டு போனது.

1964இல் பீ.பீ.சீ. வேல்ஸுக்கென்று தனிச் சேவை ஆரம்பித்தது. அப்போது வேறொரு பிரச்சினை. வேல்ஸிலேயே ஆங்கிலம் மட்டும் பேசும் பெரும்பான்மையோர், தமக்குப் பிடித்த நிகழ்ச்சியின் நேரத்தில் விளங்காத மொழி வருகிறதே என்று முறைப்பட்டனர். பலர் அன்டனாவை இங்கிலாந்துக் கோபுரங்களின் பக்கம் திருப்பி வைத்துக் கொண்டனர். வெல்ஷ் பேசுவோருக்கோ கிடைத்தது போதவில்லை. இரு சாராருக்கும் மனக்குறை. அப்படியானால் வெல்ஷ் மொழிக்கென்று தனி அலைவரிசை ஒன்று இருந்தால் இரு சாராரின் குறையும் தீருமல்லவா? இந்தக் கோரிக்கை இவ்வாறுதான் வலுப்பெற்றது.

வாக்குறுதியும் வாக்குமாறலும்

1962 பெப்ரவரி 13ஆம் திகதி ஸோண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் பீ.பீ.சீ. வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். நிலைமை இப்படியே போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வெல்ஷ் உயிருள்ள மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். அந்த உரையின் விளைவாக அதே ஆண்டு வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. மாணவர்களும் இளைஞர்களும் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்த மறுத்தனர், ஒளிபரப்புக் கோபுரங்களில் ஏறினர், சிறை சென்றனர்.

1974இல் கிரௌஃபர்ட் தலைமையிலான அரசாங்கக் குழு, புதிதாக வரவிருக்கும் நான்காவது அலைவரிசையை வேல்ஸில் வெல்ஷ் நிகழ்ச்சிகளுக்கு வழங்கலாம் எனச் சிபாரிசு செய்தது. 1979 பொதுத் தேர்தலில் கொன்சர்வேட்டிவ் கட்சியும் இதற்கு வாக்குறுதி அளித்தது. மார்கரெட் தட்சர் அம்மையார் பிரதமரானார். சில மாதங்களே கழிந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லோ, தனி அலைவரிசை கிடையாது என்றும் வெல்ஷ் நிகழ்ச்சிகளை இரண்டு அலைவரிசைகளில் பிரித்துக் காட்டலாம் என்றும் அறிவித்து விட்டார்.

வேல்ஸ் கொதித்தது. அடுத்த மாதமே சமூகத்தில் மதிப்பு மிக்க கல்விமான்கள் மூவர் பென்காரெக் ஒளிபரப்பு நிலையத்துக்குள் நுழைந்து அதன் இயந்திரங்களை நிறுத்தினர். அவர்களில் ஒருவர் இறையியல் கல்லூரி அதிபர்! சுமார் இரண்டாயிரம் பேர், சிறை சென்றாலும் அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்துவதில்லை என உறுதி பூண்டனர்.

தக்காளித் தோட்டக்காரரின் அறிவிப்பு

அப்போதுதான் குவின்வோர் எவன்ஸ் முன்வந்தார். தக்காளி பயிரிட்டு விற்றுச் சீவித்தவர் அவர். வன்முறையை வெறுத்தவர். 1966இல் கார்மாதன் தொகுதி இடைத்தேர்தலில் வென்று, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினரானவர். இன்னொன்றும் உண்டு. அவர் பிறந்த வீட்டில் வெல்ஷ் பேசப்படவில்லை. வளர்ந்த பின்னரே அவர் அம்மொழியைக் கற்றார். கையில் இருப்பவனை விட இழந்து மீட்டவனுக்கே பொருளின் அருமை அதிகம் தெரியும் போலும்!

1980 மே மாதத்தில் அவர் அறிவித்தார்: அரசாங்கம் தன் வாக்கைக் காப்பாற்றாவிட்டால் ஒக்டோபர் 6ஆம் திகதி முதல் சாகும் வரை உண்ணாவிரதம். அவருக்கு அப்போது வயது 67. உயிரை மாய்த்துக் கொள்ளும் வழியை நாம் சரியென்று கொள்வதற்கில்லை. ஆனால் அவர் சொன்னதைச் செய்யக் கூடியவர் என்பதை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் நன்கறிந்திருந்தனர்.

அந்தக் கோடை முழுவதும் ஊரூராகக் கூட்டங்கள் நடைபெற்றன. செப்டெம்பரில் வேல்ஸ் பேராயர், முன்னாள் அமைச்சர் கிளெட்வின் பிரபு, கல்விமான் சேர் கொரன்வி டானியல் ஆகிய மூவர் லண்டன் சென்று அமைச்சரைச் சந்தித்தனர். அவர்கள் கலகக்காரர்கள் அல்லர். அமைதியான, பொறுப்புள்ள மனிதர்கள். செப்டெம்பர் 17ஆம் திகதி அரசாங்கம் இறங்கி வந்தது. தட்சர் அம்மையாரின் அரசு எடுத்த முடிவிலிருந்து இலகுவில் பின்வாங்குவதில்லை. அன்று பின்வாங்கியது. உண்ணாவிரதம் தொடங்கவே இல்லை. ஓர் உயிரும் போகவில்லை.

1982 நவம்பர் முதலாம் திகதி மாலை 'ஷானெல் பெட்வார் கம்ரி' தன் ஒளிபரப்பை ஆரம்பித்தது. 'வேல்ஸின் நான்காவது அலைவரிசை' என்பது இதன் பொருள். சுருக்கமாக எஸ்-4-சீ. சேர் கொரன்வி டானியலே அதன் முதலாவது தலைவர். பலகை சுமந்தவரின் பேரன் ஓவன் எட்வர்ட்ஸ் நிர்வாகி.

பெட்டிக்குள் என்ன வைத்தார்கள்?

அலைவரிசை கிடைப்பது ஒன்று. அதில் எதைக் காட்டுவது என்பது இன்னொன்று. கோரிக்கை வெற்றி பெற்ற பின் உறங்கிப் போனவர்கள் உலகில் ஏராளம். இவர்கள் உறங்கவில்லை.

தொடக்கத்தில் வாரத்துக்கு 22 மணித்தியாலங்கள் வெல்ஷ் நிகழ்ச்சிகள். அவை குடும்பம் ஒன்றாக அமரும் மாலை நேரத்திலேயே வைக்கப்பட்டன. மீதி நேரத்தில் ஆங்கில 'செனல் 4' நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. சுமார் 10 மணித்தியால நிகழ்ச்சிகளை பீ.பீ.சீ. தயாரித்து இலவசமாக வழங்கியது. மிகுதியை எச்.ரீ.வி. கம்பனியும் சிறு தயாரிப்பாளர்களும் செய்து கொடுத்தனர். செய்தியும் பீ.பீ.சீ.யிடமிருந்தே வந்தது.

அவர்கள் முதலில் கவனித்தது பிள்ளைகளைத்தான். இருட்டுக்குப் பயந்த தன் சிறுவனுக்காக மைக் யங் என்பவர் வீட்டில் சொல்லி வந்த கரடிப் பொம்மைக் கதை, 'சூப்பர் டெட்' என்ற கார்ட்டூனாக கார்டிஃப் நகரில் தயாரிக்கப்பட்டது. 1984இல் அது அமெரிக்காவின் டிஸ்னி அலைவரிசை வரை சென்றது. 1985இல் 'சாம் டான்' வந்தான். 'ஃபயர்மேன் சாம்' என்று உலகச் சிறுவர்கள் அறிந்திருக்கும் அந்தத் தீயணைப்பு வீரன் தொலைக்காட்சியில் முதலில் பேசியது வெல்ஷ் மொழியையே! பலகைக்குப் பயந்து பேச்சை விழுங்கிய பிள்ளைகளின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள், தங்கள் மொழி பேசும் வீரனின் பொம்மையோடு உறங்கினார்கள். ஒரு பிள்ளையின் மனதில் தன் மொழி குறித்து மதிப்பு உண்டாவதற்கு ஆயிரம் சொற்பொழிவை விட இது பெரிதன்றோ?

பெரியவர்களுக்கு 'பொபொல் அ கும்', அதாவது 'பள்ளத்தாக்கு மக்கள்' என்ற தொடர் நாடகம். 1974இல் பீ.பீ.சீ.யில் தொடங்கி 1982இல் புதிய அலைவரிசைக்கு மாறியது. 1988இல் வார நாட்களில் தினமும் வரத் தொடங்கிய அது அரை நூற்றாண்டையும் கடந்து விட்டது. கும்தெரி என்ற கற்பனைக் கிராமத்தின் கடையும் வீடும் சண்டையும் சமாதானமும்தான் கதை. அதில் வருவோர் பேசுவது இலக்கண நூலின் மொழியல்ல. சந்தையிலும் சமையலறையிலும் பேசப்படும் மொழி.

'கெவன் குலாட்' என்ற நிகழ்ச்சியில் டாய் ஜோன்ஸ் என்ற விவசாயி ஊர் ஊராகச் சென்று பட்டியிலும் வயலிலும் நின்று மக்களோடு உரையாடினார். தங்களைப் போன்ற ஒருவர் தங்கள் மொழியில் பேசுவதைக் கண்டு கிராமத்தவர் அவரைத் தங்கள் வீட்டு மனிதராகவே கருதினர். 2022இல் அவர் காலமானபோது நாடே துக்கம் கொண்டாடியது.

'ஹெத் வின்' என்ற திரைப்படத்தையும் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் 1917இல் கொல்லப்பட்ட ஓர் இளம் கவிஞனின் உண்மைக் கதை அது. தேசிய விழாவில் முதற் பரிசான ஆசனத்துக்கு அவன் பெயர் அழைக்கப்பட்டபோது அவன் உயிரோடு இல்லை. ஆசனத்தைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். 1992இல் எடுக்கப்பட்ட இப்படம் 1994ஆம் ஆண்டு ஒஸ்கார் பரிசுக்குச் சிபாரிசான முதல் வெல்ஷ் மொழிப் படமாகும்.

2008இல் பாலர்களுக்கென 'கியூ' சேவை தொடங்கியது. கோழிக்குஞ்சு என்று பொருள். இதன் பயன் பெரிது. வேல்ஸில் இன்று வெல்ஷ் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் பலரின் பெற்றோருக்கு அம்மொழி தெரியாது. அவர்களின் பாட்டன் பாட்டிமார் காலத்திலேயே அது வீட்டில் நின்று போயிற்று. பிள்ளையோடு அமர்ந்து தாயும் ஒவ்வொரு சொல்லாகக் கற்கிறாள். தாய் பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய மொழியைப் பிள்ளையின் நிகழ்ச்சி தாய்க்கு ஊட்டுகிறது!

2010 மார்ச் இறுதியில் வேல்ஸ் முழுவதும் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறியது. அன்றிலிருந்து எஸ்-4-சீ.யில் ஆங்கில செனல் 4 நிகழ்ச்சிகள் நின்று, அது முழு வெல்ஷ் அலைவரிசையாகியது. வெல்ஷ் விளங்காதவர் ஆங்கில உபதலைப்புகளோடு பார்க்கலாம். அதே ஆண்டு அரசாங்க நிதி பெருமளவு குறைக்கப்பட்டு, படிப்படியாக பீ.பீ.சீ. அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் தங்க வேண்டிய நிலை வந்தது. 2018இல் அதன் தலைமையகம் கார்மாதன் நகருக்கு மாறியது. ஆம், 1966இல் தக்காளித் தோட்டக்காரரைத் தேர்ந்தெடுத்த அதே கார்மாதன்! அதைக் காண அவர் இருக்கவில்லை. 2005இல் தமது 92ஆவது வயதில் காலமாகி விட்டார்.

பெட்டியால் முடிந்ததும் முடியாததும்

இவ்வளவும் கேட்ட சகோதரிகள், 'அப்படியானால் மொழி பிழைத்து விட்டதா?' எனக் கேட்கலாம். நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

நூறாண்டு காலம் விழுந்து கொண்டே வந்த எண்ணிக்கை, 2001இல் 20.8 வீதமாகச் சற்று எழுந்தது. பின் 2011இல் 19 வீதம், 2021இல் 17.8 வீதம். அதாவது சுமார் 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர். இந்தக் கடைசி வீழ்ச்சி பெரும்பாலும் 3 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் மத்தியிலேயே காணப்பட்டது. 2050இல் பத்து இலட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்பது வேல்ஸ் அரசாங்கத்தின் இலக்கு. அது வெகு தூரத்திலேயே இருக்கிறது.

ஏன் இப்படி? 1952இல் வீட்டின் நடு மண்டபத்தில் அமர்ந்த பெட்டியை எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பெட்டி. தகப்பனார் பார்ப்பது மகனுக்குத் தெரியாது. மகள் பார்ப்பது தாய்க்குத் தெரியாது. எஸ்-4-சீ.யும் இணையத்துக்குள் வந்து தன் நிகழ்ச்சிகளை வைத்திருக்கிறது. ஆனால் உலகத்து ஆங்கிலம் முழுவதும் அந்தச் சிறிய கண்ணாடிக்குள் போட்டிக்கு நிற்கிறதே!

ஆகவே அந்த மக்கள் கண்ட பாடம் இரண்டு பக்கமுடையது. தொலைக்காட்சியில் தன் மொழியே கேட்காத பிள்ளை, அம்மொழியைப் பழையதென்றும் பயனற்றதென்றும் எண்ணி விடும். அதனால் அலைவரிசைக்காக அவர்கள் பட்ட பாடு வீண் போகவில்லை. அது இல்லாதிருந்தால் மொழி இன்னும் வேகமாகச் சரிந்திருக்கும் என்றே எண்ண வேண்டியிருக்கிறது. அதேவேளை தொலைக்காட்சி பேசுமே தவிர, பதில் கேட்காது. பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் அது நின்று விளக்காது. மொழி என்பது கேள்வியும் பதிலும் அல்லவா? அது நடக்க வேண்டிய இடம் சாப்பாட்டுப் பாயும் படுக்கையறையும்தான்.

மூன்று தலைமுறையின் வரலாற்றை மீண்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பலகை எப்போது வெற்றி பெற்றது? ஆசிரியர் அதைக் கழுத்தில் மாட்டியபோதல்ல. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம், 'உன் நன்மைக்குத்தானே மகனே' என்று பெற்றோர் சொன்னபோதுதான் அது வென்றது. பலகை எப்போது தோற்றது? தன் பிள்ளை தன் மொழியிலேயே படிக்கட்டும் என்று ஒரு தகப்பன் ஏழு பிள்ளைகளை ஒன்று சேர்த்தபோது அது தோற்றது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த தொலைக்காட்சி நிலையம் அந்த ஏழு பிள்ளைகளின் வகுப்பறையிலிருந்து வளர்ந்ததே.

எந்த மொழி பேசும் வீடானாலும் சரி, இன்று மாலை தொலைக்காட்சியை ஒரு மணித்தியாலம் அணைத்து விட்டு, பிள்ளையை அருகில் அழைத்து, உங்கள் உம்மும்மா உங்களுக்குச் சொன்ன கதை ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். பாதியில் நிறுத்தி, 'பிறகு என்ன நடந்திருக்கும்?' என்று கேளுங்கள். பிள்ளை எந்த மொழியில் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். உங்கள் வீட்டுக் குடிசன மதிப்பீடு அதுதான்.